சைப்ரிக்ரோமிஸ்: டாங்கனிக்கா ஏரியின் கூட்ட மீனை வீட்டில் வளர்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிக்லிட் என்பது ஒரு பெரிய நன்னீர் மீன் குடும்பம். ஆப்பிரிக்கன் சிக்லிட் என்று கேட்டால் நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் மலாவி ஏரி மீன்களைத்தான் காட்டுவார்கள். மஞ்சளும் நீலமுமாக, பாறை இடுக்கில் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு திரிபவை. அதே ஆப்பிரிக்காவின் இன்னொரு ஏரியில், திறந்த நீரில் ஆயிரக்கணக்கில் கூடி மிதக்கும் சிக்லிட்டுகளும் இருக்கின்றன. அவற்றில் வீட்டுத் தொட்டிக்கு மிகவும் ஏற்றது சைப்ரிக்ரோமிஸ். வளர்ப்பவர்கள் சுருக்கமாக சைப்ரி என்பார்கள். இதை வாங்க நினைப்பவர்களும், வாங்கிவிட்டுக் கவலைப்படுபவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

சைப்ரிக்ரோமிஸ் எங்கே வாழ்கிறது? அங்கே எப்படி வாழ்கிறது?

டாங்கனிக்கா ஏரியில் மட்டும்தான், உலகில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. தான்சானியா, காங்கோ, புருண்டி, ஜாம்பியா என நான்கு நாடுகள் பங்கிட்டுக்கொள்ளும் ஏரி அது. நீளம் சுமார் 670 கி.மீ., அதிகபட்ச ஆழம் 1,470 மீட்டர். ஆழத்தில் பைக்கால் ஏரிக்கு அடுத்த இடம். இவ்வளவு ஆழம் இருந்தாலும் மேல், கீழ் நீர் ஒன்றோடொன்று கலப்பதில்லை. அதனால் ஆழப் பகுதியில் ஆக்ஸிஜனே கிடையாது, மீன்கள் எல்லாம் மேலடுக்கில்தான்.

சைப்ரிக்கள் கரையோரப் பாறைச் சரிவுகளை ஒட்டி, ஆனால் பாறையைத் தொடாமல், எதிரே உள்ள நீர்வெளியில் கூட்டமாக நிற்கும். நீரில் மிதந்து வரும் கண்ணுக்கு எட்டும் எட்டாத அளவிலான உயிரினங்களை ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்னும். வாய் சிறியது, ஆனால் இரை அருகே வந்ததும் குழாய் மாதிரி முன்னால் நீளும். உடலும் நீந்துவதற்கென்றே ஒடுங்கி நீண்டிருக்கும். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் தொட்டி, சாப்பாடு, துணை மீன் பற்றிய பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாகவே கிடைத்துவிடும்.

சார்டின் சிக்லிட் என்கிறார்களே, மத்தி இனமா?

இல்லை. ஒடுங்கிய உடலையும் கூட்டமாகத் திரிவதையும் பார்த்து வைத்த பெயர். உண்மையான மத்திக் குடும்ப மீன்கள் இரண்டு இனம் அந்த ஏரியில் தனியாக இருக்கின்றன. கரையோர மக்களின் முக்கியமான உணவு அவைதான்.

எத்தனை வகை இருக்கிறது? முதல்முறை வளர்ப்பவர் எதை வாங்கலாம்?

பெயரிடப்பட்ட இனங்கள் ஐந்து: லெப்டோசோமா (1898), மைக்ரோலெபிடோட்டஸ் (1956), பாவோ (1994), சோனாட்டஸ் (2002), கொலராட்டஸ் (2006). கடைக்காரர்கள் 'ஜம்போ' என்று விற்பவை 13 செ.மீ. வரை வளரக்கூடிய பெரிய வகைகள். ஜாம்பியா பக்கத்து ஜம்போவுக்குத்தான் 2006இல் கொலராட்டஸ் என்று பெயர் வைத்தார்கள்.

முதல்முறை என்றால் சாதாரண லெப்டோசோமாவே நல்லது. 9 முதல் 11 செ.மீ. வரைதான் வளரும், நான்கடித் தொட்டியில் சமாளித்துவிடலாம். மீனின் பெயரோடு ஓர் ஊர்ப் பெயரும் சேர்ந்து வரும்: ம்புலுங்கு, கிகோமா, உட்டிண்டா என்று. அந்த மீனின் மூதாதையர் ஏரியில் எந்தக் கரையில் பிடிபட்டவர்கள் என்பதற்கான அடையாளம் அது. கரைக்குக் கரை நிறம் மாறும். ஊர்ப் பெயர் தெரியாத மீனைவிட, தெரிந்த மீனையே வாங்குங்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

பாராசைப்ரிக்ரோமிஸ் என்று ஒரு நெருங்கிய உறவுக்கார மீனும் உண்டு. அதில் நைக்ரிபின்னிஸ் என்ற இனத்துக்கு உடம்பு நெடுக மெல்லிய நீலக் கோடுகள் ஓடும், மங்கலான வெளிச்சத்தில் அவை மின்னும். சைப்ரியைவிட அமைதியானது, கூச்சமும் அதிகம். திறந்த வெளியைவிடப் பாறைச் சுவரை ஒட்டி நிற்கப் பிடிக்கும், சில சமயம் தலைகீழாகக்கூட. அழகுதான், ஆனால் முதல் மீனாக அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரு ஜோடி வாங்கினால் போதாதா? பிறகு பெருக்கிக்கொள்ளலாமே?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

சைப்ரிக்குக் கூட்டம்தான் வீடு. இரண்டு, நான்கு என்று விட்டால் ஆண் மீன் பெண்ணை மூச்சுவிட விடாது. அடி வாங்கும் மீனுக்கு ஒளிய இடமும் இருக்காது, ஏனென்றால் பாறைக்குள் புகுந்துகொள்ளும் பழக்கம் அதற்கு இல்லை. மேல் மூலையில், ஹீட்டருக்குப் பின்னால் உடலைச் சாய்த்துக்கொண்டு நிற்கும். சாப்பிட வராது. சில வாரங்களில் வயிறு ஒட்டிச் செத்துப்போகும். நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுவார்கள். அது மருந்தால் தீரும் பிரச்சினை இல்லை.

பத்துக்குக் குறையாமல் வாங்குங்கள். பன்னிரண்டு, பதினைந்து என்றால் இன்னும் நல்லது. ஓர் ஆணுக்கு இரண்டு பெண் என்ற கணக்கு நன்றாக ஒத்துவரும். ஆனால் ஒரே ஓர் ஆணோடு நிறுத்திவிடாதீர்கள். மூன்று நான்கு ஆண்கள் இருந்தால்தான் ஒவ்வொன்றும் நீரின் நடுவில் தனக்கென்று ஓர் இடம் பிடித்து, துடுப்புகளை விரித்து, பக்கத்து ஆணிடம் வீறாப்புக் காட்டும். போட்டி இல்லாவிட்டால் நிறமும் பாதிதான் வரும். அப்படி நடக்கும் சண்டை பெரும்பாலும் விரித்துக் காட்டுவதோடும் சிறு துரத்தலோடும் முடிந்துவிடும். மலாவி மீன்கள் மாதிரி கிழித்துக்கொள்ளாது.

பத்து மீனுக்கு இப்போது இடமோ பணமோ இல்லையென்றால் காத்திருங்கள். நான்கு மீனில் தொடங்குவது மீனுக்கும் நல்லதல்ல, உங்களுக்கும் மனக்கஷ்டம்.

தொட்டி எவ்வளவு பெரிதாக வேண்டும்?

லெப்டோசோமா பத்துப் பன்னிரண்டுக்கு 120 செ.மீ. நீளம் குறைந்தபட்சம். 120 × 45 × 45 என்றால் சுமார் 240 லிட்டர் வரும். ஐந்தடி நீளமும் 60 செ.மீ. உயரமும் கிடைத்தால் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். ஆண்கள் மேலும் கீழுமாக அடுக்கடுக்காக இடம் பிடிப்பதால், பல சிக்லிட்டுகளுக்கு வீணாகப் போகும் உயரம் இதற்கு உண்மையிலேயே பயன்படும். ஜம்போ வகைக்கு ஆறடித் தொட்டி வேண்டும்.

மாடி வீட்டில் இருப்பவர்கள் எடையை யோசியுங்கள். 300 லிட்டர் தொட்டியில் தண்ணீர் மட்டுமே 300 கிலோ. கண்ணாடி, மணல், கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் 400 கிலோவைத் தாண்டும். அறையின் நடுவில் வைக்காமல் சுவரை ஒட்டி, கீழே பீம் போகும் இடமாகப் பார்த்து வைப்பது நல்லது.

மூடி அவசியமா?

கட்டாயம். ஃபில்டர் குழாய்க்காக விடும் சிறு இடைவெளி வழியாகக்கூட வெளியே குதிக்கும்.

பெரும்பாலும் திடுக்கிட்டுத்தான் குதிக்கிறது. இரவில் இருட்டறையில் சட்டென்று தொட்டி விளக்கைப் போட்டால் கூட்டமே ஒரே நேரத்தில் சிதறி ஓடும், கண்ணாடியில் மோதும், வாயில் அடிபடும். முதலில் அறை விளக்கு, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத் தொட்டி விளக்கு. அணைக்கும்போது தொட்டி விளக்கை முதலில். இந்த ஒரு பழக்கம் நிறைய மீன்களைக் காப்பாற்றும்.

உள்ளே என்னென்ன வைக்கலாம்?

குறைவாக வையுங்கள். அடியில் மெல்லிய மணல், பின்பக்கமும் ஓரங்களிலும் பாறை. பாறைக் குவியல் தொட்டி உயரத்தில் பாதியைத் தாண்ட வேண்டாம். மேல் பாதியும் முன்பக்கமும் மீனுக்குச் சொந்தம். பாறையை மணல்மேல் வைக்காமல் முதலில் அடியில் வைத்துவிட்டு மணலைச் சுற்றிப் போடுங்கள், இல்லாவிட்டால் மணல் தோண்டும் துணை மீன் ஒருநாள் அதைச் சாய்த்துவிடும். பின்புறக் கண்ணாடி கருப்பாகவோ கருநீலமாகவோ இருந்தால் மீன் அமைதியாகும், நிறமும் எடுப்பாகும்.

செடி வேண்டுமென்றால் வாலிஸ்னேரியா, அனுபியாஸ் இரண்டும் இந்தத் தண்ணீரைத் தாங்கும்.

தண்ணீர் எப்படி இருக்க வேண்டும்? எங்கள் வீட்டு போர் தண்ணீர் கடினமானது, அப்படியே ஊற்றலாமா?

ஏரித் தண்ணீரின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) சுமார் 8.6 முதல் 9.2 வரை. தொட்டியில் 8.2 முதல் 9 வரை நிலையாக வைத்திருந்தால் போதும். நிலையாக என்பதுதான் முக்கியம். 8.3இல் மாதக்கணக்கில் நிற்கும் தண்ணீர், 9ஐத் தொட்டுவிட்டு வாராவாரம் 7.8க்கு இறங்கும் தண்ணீரைவிட எவ்வளவோ மேல். வெப்பம் 25, 26 டிகிரி.

போர் தண்ணீர் விஷயத்தில் நம் ஊரில் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பார்ப்போம், 900 என்று காட்டும், "ஆப்பிரிக்கன் மீனுக்கு ஏற்ற தண்ணீர்" என்று திருப்திப்படுவோம். டிடிஎஸ் என்பது தண்ணீரில் எவ்வளவு உப்புகள் கரைந்திருக்கின்றன என்று மட்டும் சொல்லும், என்ன உப்பு என்று சொல்லாது. கடலோரத்தில் அந்த 900இல் பெரும்பகுதி சாதாரண உப்பாகவே இருக்கலாம். டாங்கனிக்கா நீரில் இருப்பதோ பெரும்பாலும் பைகார்பனேட்டும் மக்னீசியமும் சோடியமும். ஆகவே பார்க்க வேண்டியது கேஎச், ஜிஎச் இரண்டையும். பிஎச் கீழே சரியாமல் பிடித்து வைப்பது கேஎச். ஜிஎச் கால்சியம், மக்னீசியத்தின் அளவு. துளித்துளியாக விட்டுப் பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிவிடுங்கள், வேறெந்தச் செலவையும்விட அது உருப்படியானது. கேஎச் 10க்கு மேலும் ஜிஎச் 8க்கு மேலும் இருந்தால் உங்கள் போர் தண்ணீரை அப்படியே பயன்படுத்தலாம், நைட்ரேட்டும் ஒருமுறை பார்த்துவிட்டு. ஏரியில் ஜிஎச்சைவிட கேஎச்தான் அதிகம், அதனால் கேஎச் மேலே போனால் பயப்பட வேண்டாம்.

மெட்ரோ தண்ணீரோ லாரித் தண்ணீரோ என்றால் ஆன்டி குளோரின் (குளோரினை நீக்கும் திரவம்) இல்லாமல் தொட்டிக்குள் விடாதீர்கள்.

எங்களிடம் ஆர்ஓ தண்ணீர்தான் இருக்கிறது. என்ன செய்வது?

அதுவும் வசதிதான், வெற்றுப் பலகையில் எழுதுகிற மாதிரி வேண்டியதை நாமே சேர்க்கலாம். கணக்கு எளிது. 100 லிட்டரில் 3 கிராம் சமையல் சோடா போட்டால் கேஎச் ஒரு டிகிரி ஏறும் (வெப்ப டிகிரி அல்ல, டெஸ்ட் கிட் காட்டும் அளவு). 100 லிட்டரில் 4.4 கிராம் எப்சம் சால்ட் போட்டால் ஜிஎச் ஒரு டிகிரி ஏறும். 100 லிட்டருக்கு 36 கிராம் சோடா என்றால் கேஎச் 12. 22 கிராம் எப்சம் என்றால் ஜிஎச் 5. மீதி ஜிஎச்சுக்குக் கால்சியம் வேண்டும். ஃபில்டருக்குள் ஒரு வலைப்பையில் உடைத்த பவளத்துண்டு போட்டுவைத்தால் கொஞ்சம் கிடைக்கும், ஆனால் பிஎச் உயர்ந்த இந்த நீரில் அது அதிகம் கரையாது. கவனம், வாங்க வேண்டியது சமையல் சோடா. பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதில் அமிலமும் மாவும் கலந்திருக்கும்.

உப்புகளைத் தனி வாளியில் கரைத்து, ஏர் ஸ்டோன் போட்டு ஒருநாள் ஓடவிட்டு, பிறகு தொட்டிக்கு மாற்றுங்கள். தொட்டியில் நேரடியாகத் தூவ வேண்டாம். எடை பார்க்க நகைத் தராசு மாதிரியான சின்ன டிஜிட்டல் தராசு போதும்.

தொட்டி வைத்த மறுநாளே மீன் விடலாமா?

கூடாது. எந்த மீனுக்கும் கூடாது, இதற்கு இரண்டு மடங்கு கூடாது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும். அதில் ஒன்றுதான் கொடிய விஷம். 25 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7 உள்ள தண்ணீரில் மொத்த அம்மோனியாவில் அந்த விஷ வடிவம் ஒரு சதவீதம்கூட இருக்காது. பிஎச் 8இல் சுமார் 5 சதவீதம். பிஎச் 9இல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அதாவது கோல்டுஃபிஷ் தொட்டியில் மீன் தாங்கிக்கொள்ளும் அதே அம்மோனியா அளவு இங்கே கொன்றுவிடும்.

ஃபில்டரில் அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா உருவாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியின் ஸ்பாஞ்ச் ஒன்று கிடைத்தால் சீக்கிரம் முடியும். அம்மோனியா, அது சிதையும்போது இடையில் உருவாகும் நைட்ரைட் இரண்டும் சுழியம் காட்டிய பிறகு மீன். அதன்பின் வாராவாரம் 25 முதல் 30 சதவீதம் தண்ணீர் மாற்றினால் போதும்.

கோடைக்காலத்தில் தண்ணீர் 32 டிகிரி ஆகிவிடுகிறது. கரண்ட் வேறு போய்விடுகிறது.

சமவெளியில் இந்த மீனுக்கு ஹீட்டரைவிடக் குளிர்விப்பதுதான் பெரிய வேலை. சூடேறச் சூடேற தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும். ஏரியின் மேல்நீரில் ஆக்ஸிஜன் நிறைய உண்டு; அதில் வாழ்ந்து பழகிய மீன் மூச்சு வாங்கத் தொடங்கும். 30ஐத் தாண்ட விடாதீர்கள். நீர்மட்டத்தின்மேல் சிறு மின்விசிறி ஒன்று காற்றடித்தால் ஆவியாவதில் இரண்டு மூன்று டிகிரி குறையும். புழுக்கமான நாட்களில் அந்த அளவுக்குக் கேட்காது. ஆவியான தண்ணீருக்கு ஈடாக உப்புச் சேர்க்காத ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் உப்பு ஏறிக்கொண்டே போகும். இறைச்சி, மீன் கழிவு எதுவும் ஒட்டாத சுத்தமான பாட்டிலில் ஐஸ் உறையவைத்து மிதக்கவிடுவது அவசரத்துக்கு உதவும். தினசரிப் பழக்கமாக்கினால் வெப்பம் ஏறி இறங்கி மீனை வதைக்கும்.

கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கட்டாயம் வேண்டும். அப்புறம் ஒன்று: கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர்) பல மணி நேரம் நின்றுபோயிருந்தால் அப்படியே ஓடவிடாதீர்கள். உள்ளே தேங்கிய நீர் கெட்டிருக்கும். அதைக் கொட்டி, மீடியாவை, அதாவது உள்ளே பாக்டீரியா வாழும் ஸ்பாஞ்ச் போன்றவற்றை, தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு ஓடவிடுங்கள்.

என்ன சாப்பாடு போடுவது?

சின்னதாக, அடிக்கடி. ஒரு நாளைக்கு ஒரேயடியாகக் கொட்டுவதைவிட மூன்று வேளை கொஞ்சம் கொஞ்சமாகப் போடலாம். உறைந்த சைக்ளாப்ஸ், டாஃப்னியா, ஆர்ட்டீமியா, சின்ன மைசிஸ் போன்ற குட்டி இறால் மாதிரியான நீர்வாழ் உயிரினங்களை எல்லாம் விரும்பித் தின்னும். தினசரிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவிலான மெதுவாக மூழ்கும் குருணைத் தீவனம் சரியாக இருக்கும். தரைக்குப் போய்விட்ட சாப்பாட்டைத் தேடிப்போய்த் தின்னும் மீன் இல்லை இது, இடைநீரில் விழுந்துகொண்டிருக்கும்போதே பிடித்தால்தான் உண்டு. ஃபில்டர் நீர் விழும் இடத்தில் தீவனத்தைப் போட்டுப் பாருங்கள், தொட்டி முழுக்கச் சுழன்று வரும். கூட்டம் முழுவதும் ஒரே திசையில் திரும்பி வாயை நீட்டி நீட்டிக் கொத்தும். கூச்ச சுபாவமுள்ள மீனுக்கும் பங்கு கிடைக்கும்.

மாட்டு இதயம், கோழி மாதிரி இறைச்சி வேண்டாம். உயிருள்ள ட்யூபிஃபெக்ஸ் புழு சாக்கடை நீரில் வளர்வது, அதையும் தவிர்த்துவிடுங்கள்.

எந்த மீன்களோடு சேர்த்து வைக்கலாம்?

சைப்ரி மேலே இருக்கும். கீழே காலியாக இருக்கும் தரைக்கும் பாறைக்கும் அதே ஏரியின் வேறு மீன்களைப் பாருங்கள். காலி நத்தை ஓட்டுக்குள் குடித்தனம் நடத்தும் மல்டிஃபேசியாட்டஸ் மிக அருமையான ஜோடிப்பு. 4, 5 செ.மீ.யைத் தாண்டாது, மணலில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பாறை இடுக்குக்கு ஜூலிடோக்ரோமிஸ், கால்வஸ் சரி. ஆனால் கால்வஸ் குஞ்சு தின்னும். மணல் சலிக்கும் செனோடிலாப்பியாவும் அமைதியான துணைதான், அதற்குப் பெரிய தரைப்பரப்பு வேண்டும்.

ஃப்ரண்டோசாவைச் சேர்க்காதீர்கள். இரண்டும் ஒரே ஏரி என்பதால் கடையில் தாராளமாகச் சேர்த்துத் தருவார்கள். ஏரியில் ஃப்ரண்டோசாவின் இரைகளில் சைப்ரியும் ஒன்று. விடியற்காலை அரைத்தூக்கத்தில் இருக்கும்போது பிடித்துத் தின்னும்.

எங்களிடம் ஏற்கெனவே மலாவி மீன்கள் இருக்கின்றன. அவற்றோடு விடலாமா?

வேண்டாம். பாறையில் வாழும் ம்புனா வகைகள் பாசி தின்பவை, சண்டைக்காரர்கள். அவற்றின் வேகத்துக்கும் முரட்டுத்தனத்துக்கும் சைப்ரி ஈடுகொடுக்காது. மலாவித் தொட்டியே வைத்திருப்பவர்களுக்குக் கூட்ட மீன் ஆசை இருந்தால், அந்த ஏரியிலேயே திறந்த நீரில் கூடித் திரியும் உடாகா என்ற பிரிவு இருக்கிறது. கோபாடிக்ரோமிஸ் போர்லேயி, கோபாடிக்ரோமிஸ் அசூரியஸ் எல்லாம் அதைச் சேர்ந்தவை. அவற்றைத் தேடுங்கள். அவையும் பெரிய தொட்டி கேட்கும்.

கடையில் பார்த்தேன், எல்லாம் சாம்பல் நிறமாக இருக்கிறது. ஏமாற்றுகிறார்களா?

குஞ்சுகளாக விற்பதால் அப்படி. ஆண் மீனுக்கு நிறம் வரவே பல மாதம் ஆகும், பெண் கடைசிவரை வெள்ளி கலந்த சாம்பலாகவே இருக்கும். கடைத் தொட்டியில் வேறு மீன்களோடு கலந்து, வெளிச்சத்தில் மிரண்டு நிற்கும்போது வளர்ந்த ஆணும் வெளிறித்தான் தெரியும். நிறத்தைப் பார்த்து வாங்க முடியாத மீன் இது.

வேறு சிலவற்றைப் பார்க்கலாம். வயிறு உள்வாங்கியிருக்கக் கூடாது. வாய் நேராக, காயமின்றி இருக்க வேண்டும். செதில் உதிர்ந்த வெள்ளைத் திட்டு இருக்கக் கூடாது. தீவனம் போடச் சொல்லி, வந்து தின்கிறதா என்று பாருங்கள். சென்னை கொளத்தூர் போன்ற பெரிய மீன் சந்தையிலும் இதை முன்கூட்டியே சொல்லிவைத்து வரவழைப்பதுதான் வழக்கமான வழி. 4, 5 செ.மீ. குஞ்சுகளாக ஒரே குழுவாக வாங்கினால் ஒன்றாக வளர்ந்து நன்றாகப் பழகிவிடும்.

மஞ்சள் வால், நீல வால் இரண்டும் தனித்தனி வகையா? விலையும் வேறு வேறாகச் சொல்கிறார்கள்.

பல கரைகளில் இரண்டும் ஒரே கூட்டத்தில் இருப்பவை. ஒரே தாய் வயிற்றுக் குஞ்சுகளில்கூட சில ஆண்களுக்கு மஞ்சள் வாலும் சிலவற்றுக்கு நீல வாலும் வரும். ஊர்ப் பெயர் ஒன்றாக இருந்தால் வால் நிறத்தைப் பற்றி யோசிக்காமல் வாங்கலாம். சேர்ந்து இருந்தால்தான் கூட்டமும் அழகு.

பையில் வந்த மீனைச் சொட்டுச் சொட்டாகப் பழக்க வேண்டும் என்கிறார்களே?

உள்ளூர்க் கடையிலிருந்து அரைமணி நேரத்தில் வந்த மீன் என்றால் செய்யலாம். வெளியூரிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து வந்த பை என்றால் வேண்டாம். மூடிய பையில் மீன் விடும் கரியமில வாயு சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும். அதனால் உள்ளே சேர்ந்த அம்மோனியா அவ்வளவாகக் கடிக்காது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பிஎச் ஏறும், மேலே சொன்ன கணக்குப்படி அதே அம்மோனியா விஷமாகிவிடும். அந்தத் தண்ணீரிலேயே மீனை இரண்டு மணி நேரம் வைத்துச் சொட்டு விடுவது நல்லெண்ணத்தோடு செய்யும் கொடுமை. பையைத் திறக்காமல் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள், பிறகு திறந்து, பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாமல் மீனை மட்டும் மாற்றிவிடுங்கள். விளக்கு அணைந்திருக்கட்டும். விற்பவரின் தண்ணீர் என்ன பிஎச், என்ன டிடிஎஸ் என்று முன்பே கேட்டு, புது மீனை முதலில் தனியே வைக்கும் உங்கள் தனிமைத் தொட்டியை அதற்கு அருகில் தயார்செய்து வைப்பதுதான் உண்மையான பழக்கல்.

தொட்டியில் முட்டையிடுமா?

கூட்டம் நிம்மதியாக இருந்தால் தாராளமாக இடும். அதைப் பார்ப்பதற்காகவே இந்த மீனை வளர்க்கலாம் என்பேன்.

ஆண் மீன் நீரின் நடுவில் தன் இடத்தில் நின்றுகொண்டு, பெண் ஒன்று அருகே வந்ததும் எல்லாத் துடுப்புகளையும் விரித்து உடலை நடுக்கும். கீழ்நோக்கிச் சரிந்து பெண்ணை அழைக்கும். அதன் வயிற்றுத் துடுப்புகள் நீண்டு, நுனியில் மஞ்சளாக இருக்கும். பெண் வந்து நிற்கும், ஒரு முட்டையை வெறும் நீரில் விடும். கல் இல்லை, மணல் பள்ளம் இல்லை, வெறும் நீர். விட்ட நொடியே தலைகீழாகத் திரும்பி, மூழ்கிக்கொண்டிருக்கும் அந்த முட்டை தரையைத் தொடும் முன் வாயால் கவ்விக்கொள்ளும். பிறகு ஆணின் துடுப்பு நுனியில் இருக்கும் மஞ்சளையும் கொத்தும். அப்போது ஆண் விடும் விந்து வாய்க்குள் போய் முட்டை கருவுறும். மறுபடி ஒரு முட்டை, மறுபடி திரும்பல். மற்ற மீன்கள் சுற்றிலும் முட்டையைப் பறிக்கப் பார்க்கும்போதே இது நடக்கும். தவறவிடுவது ஒன்றிரண்டுதான்.

ஐந்திலிருந்து இருபது முட்டை வரை. எண்ணிக்கை குறைவு, ஒவ்வொன்றும் பெரியது. சுமார் மூன்று வாரம் வாய்க்குள் வைத்திருக்கும்.

வாயில் முட்டை வைத்திருக்கும் பெண்ணைத் தனியாகப் பிரிக்க வேண்டுமா?

விட்டுவிடுங்கள். தாடை புடைத்து, தொட்டியின் மேல்பக்கம் ஒதுங்கி நிற்கும். துரத்திப் பிடித்தால் முட்டையைத் துப்பிவிடும், திரும்பக் கூட்டத்தில் விட்டால் மற்றவை புதிதாய் வந்ததுபோல் நடத்தும். முதல் ஒன்றிரண்டு முறை இளம் தாய்கள் சில நாளிலேயே முட்டையை விழுங்கிவிடுவது சகஜம். அடுத்தமுறை சரியாக வைத்திருக்கும்.

குஞ்சுகளைப் பெரிய மீன்கள் தின்றுவிடாதா?

சைப்ரி மட்டும் உள்ள தொட்டியில் நிறையவே பிழைத்துவிடும். வெளியே வரும்போதே ஒரு செ.மீ.க்கு மேல் இருக்கும், நேராக நீர்மட்டத்துக்குப் போய் அங்கேயே சின்னக் கூட்டமாகச் சேர்ந்துகொள்ளும். தாய் அதற்கப்புறம் கவனிக்காது. மேலே மிதக்கும் செடியோ வாலிஸ்னேரியா இலையோ கொஞ்சம் இருந்தால் மறைவாகும். ஃபில்டர் உறிஞ்சும் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டுங்கள். புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா போட்டால் மளமளவென்று வளரும்.

மீனை வேறு தொட்டிக்கு மாற்ற எப்படிப் பிடிப்பது?

வலையால் துரத்தாதீர்கள். செதில் சிறியது, வலையில் உரசினால் உதிரும். வாய் வலைக்கண்ணில் மாட்டும். தண்ணீரைப் பாதிக்குக் கீழே இறக்கி, பாறைகளை எடுத்துவிட்டு, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பாவை மூழ்கவைத்து அதற்குள் மெதுவாக ஓட்டிவந்து தண்ணீரோடு தூக்குங்கள்.

இரண்டு ஊர் வகைகளை ஒரே தொட்டியில் வைத்தால் என்ன?

கலந்துவிடும். பெண்கள் எல்லாம் சாம்பலாக இருப்பதால் எது எந்த ஊர்ப் பெண் என்று உங்களாலும் பிரிக்க முடியாமல் போகும். ஒவ்வொரு கரையின் மீனும் அந்தக் கரையில் நெடுங்காலம் தனித்து வாழ்ந்து வந்தது. அந்த நிறத்தை ஒரே தலைமுறையில் அழித்துவிட்டு, பிறக்கும் குஞ்சை ஏதோ ஒரு பெயரில் விற்பது அடுத்து வாங்குபவருக்குச் செய்யும் துரோகம். ஊர்ப் பெயரைக் கேட்டு வாங்கச் சொன்னது இதற்காகத்தான். ஒரு தொட்டியில் ஓர் ஊர்.

குஞ்சுகள் பெருகிவிட்டன. என்ன செய்வது?

பத்துப் பத்தாகச் சேர்த்து, ஊர்ப் பெயரோடு, தொட்டி தயாராக வைத்திருப்பவருக்குக் கொடுங்கள். ஒன்றிரண்டாகப் பிரித்துக் கேட்பவரிடம் ஏன் கூடாது என்று சொல்லுங்கள். வாங்க ஆள் இல்லையென்றால் ஆண், பெண் பிரித்து வைத்துப் பெருக்கத்தை நிறுத்தலாம். ஏரி, குளம், கிணறு எதிலும் விடாதீர்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த திலேப்பியா நம் நீர்நிலைகளில் நாட்டு மீன்களின் இடத்தை எப்படிப் பிடித்துக்கொண்டது என்பதை எந்த ஊர் ஏரியில் வலை வீசுபவரும் சொல்வார்.